பை யாருகிட்ட இருக்கு?

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை)



இந்த மலரில் டூர் பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் இருக்கிற விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் எடுத்த படங்கள் மட்டும் பளிச்சென்று இருக்கும். அதற்கப்புறம் 'மைசூர் அரண்மனை' என்று போட்டு ஒரே ஒரு படம். அதுவும் செல்போனில் எடுத்தது. விளக்கு தெரிகிறது, நம்ம ஆளுங்க முகம் தெரியவில்லை. "மூணு நாள் டூருக்கு இவ்வளவுதானாண்ணா போட்டோ?" என்று இப்போதே ஜூனியர் தம்பிகள் கேட்கிறார்கள். மலர்க் குழுவைத் திட்ட வேண்டாம். மீதிப் படங்கள் காமிராவோடு போய்விட்டன. காமிரா போனதற்கு நான்தான் காரணம். சரி, நான் மட்டும் இல்லை, பஸ்ஸில் வந்த நாற்பத்திரண்டு பேரும்தான். சங்கச் செயலாளர் "டூர் அனுபவம் எழுதுடா, ஜாலியா இருக்கட்டும்" என்றார். ஜாலியாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

காமிரா என் தாய்மாமாவுடையது. மாமா எங்க ஊரில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று படம் எடுத்துப் பிழைக்கிறவர். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. 2024 டிசம்பரில் மார்கழி பிறந்த கையோடு நம்ம டூர் வந்தது. "மாப்ளே, சும்மா பொட்டியில தூங்கறதுக்கு நீ எடுத்துட்டுப் போ. தை பொறந்தா எனக்கு ஆறு முகூர்த்தம் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ" என்று கொடுத்தார். செகண்ட் ஹேண்டில் லென்ஸோடு 38,000 ரூபாய்க்கு வாங்கியது. அதற்கு ஒரு கறுப்புப் பை, கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் போட்டது. கழுத்து வாரிலும் அதே பெயர், சிவப்பில். அந்த வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் படியில் ஏறியபோது எனக்கு இருந்த கெத்து இருக்கிறதே... வேண்டாம், இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

முதல் நாள் அருங்காட்சியகத்திலேயே கார்டு நிறைந்துவிட்டது. இயந்திரங்களுக்கு முன்னால் ஒவ்வொருத்தனும் தனித்தனியாக நின்றால் நிறையாமல் என்ன செய்யும்? அந்தக் கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை, சோம்பல்தான். பையைத் திறந்து டப்பாவில் வைக்க அலுப்பு. அந்தச் சோம்பலால்தான் இந்த மலரில் இத்தனை படமாவது வந்திருக்கிறது. இரண்டாம் நாள் தொழிற்சாலை. அங்கே காமிராவுக்கு அனுமதி இல்லை, பஸ்ஸிலேயே வைத்துவிட்டுப் போனோம். டிரைவர் அண்ணன் சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டார். சாயந்திரம் பிருந்தாவனம். மூன்றாம் நாள் ஞாயிறு. சாமுண்டி மலையில் நந்தி முன்னால் மொத்த கிளாஸும் எச்.ஓ.டி. சாரோடு நின்று எடுத்த படம் நன்றாக வந்திருந்தது. அதை நீங்கள் பார்க்கப் போவதில்லை.

ஞாயிறு ராத்திரி மைசூர் அரண்மனைக்கு விளக்குப் போடுவார்கள். ஏறத்தாழ 97,000 பல்பு. மின்னியல் மாணவனுக்கு அதைவிட வேறு கோயில் ஏது? எல்லாம் ஒரே நொடியில் எரிந்தபோது நாங்கள் வாயைப் பிளந்தது உண்மை. அந்தச் சந்தோஷத்தோடு வெளியே வந்து, ஒரு தெருவில் நிறுத்தியிருந்த நம்ம பஸ்ஸுக்கு நடந்தோம். வாங்கிய சாமான்களை ஏற்றுகிற நேரம். மைசூர் பாகு, ஊதுபத்தி, சந்தன சோப்பு, அக்காவுக்கு வளையல்... எல்லாப் பையும் பிளாட்பாரத்தில் குவியலாகக் கிடந்தது. காமிராப் பையை நான் அந்தக் குவியலின் மேல் வைத்தேன். பக்கத்தில் ஒரு நண்பன் நின்றான். "பார்த்துக்கடா" என்றேன். அவன் "ம்" என்றான். அந்த 'ம்'முக்கு என்ன மதிப்பு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முழுக்கை, பாக்கெட்டில் பேனா. அப்படி ஒருத்தர் வந்து நண்பனிடம் தமிழிலேயே, "தம்பி, பணம் கீழ விழுந்திருக்கு பாரு, உன்னுதா?" என்றார். பஸ் டயர் ஓரம் இரண்டு பத்து ரூபாய் நோட்டு. இவன் குனிந்தான், எடுத்தான், நிமிர்ந்தான். அவ்வளவுதான். 'கவனத்தைத் திசை திருப்பி நூதனத் திருட்டு' என்று பேப்பரில் வாரம் தவறாமல் போடுகிறார்களே, அதில் நூதனம் எதுவும் இல்லை. பேங்க் வாசலில் பென்சன் வாங்கி வருகிற தாத்தாவிடம் செய்கிற அதே பழைய வேலைதான். படித்தவன், டிப்ளமோ மூன்றாம் வருஷம், இருபது ரூபாய்க்குக் குனிந்தான். அவனைக் குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் குனிந்திருப்பேன்.

பை இல்லை என்று கண்டுபிடிக்க எங்களுக்குப் பத்து நிமிஷம் ஆனது. "உன்கிட்ட இல்லையா?" "அவன்கிட்டதானடா இருந்துச்சு." "நான் பஸ்ல ஏத்திட்டான்னுல்ல நெனச்சேன்." பத்து நிமிஷம்! அதற்குள் அந்த வெள்ளைச் சட்டை எந்தப் பஸ்ஸில் எந்த ஊருக்கு ஏறியதோ.

இனி எழுதுவது சொல்லக் கூசுகிற விஷயம். மலர்க் குழுவில் இரண்டு பேர் இதை வெட்டிவிடச் சொன்னார்கள். வெட்ட மாட்டேன் என்றேன்.

பஸ் பக்கத்தில் ஒரு பையன் நின்றிருந்தான். பன்னிரண்டு வயசு இருக்கும். ரப்பர் பேண்டில் இழுத்து விட்டால் மின்னிக்கொண்டே வானத்துக்குப் போய்ச் சுற்றிச் சுற்றி இறங்குமே எல்.இ.டி. பொம்மை, அது விற்கிற பையன். அரை மணி நேரமாக "அண்ணா, ஒண்ணு வாங்குங்கண்ணா" என்று எங்களையே சுற்றி வந்துகொண்டிருந்தான். அழுக்குச் சட்டை, தோளில் ஒரு பெரிய துணிப்பை. "இவன்தான்டா இங்கயே சுத்திட்டு இருந்தான்" என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று இன்று வரை ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. பத்துப் பேர் சூழ்ந்துகொண்டோம். ஒருத்தன் கன்னத்தில் ஒன்று வைத்தான். அந்தத் துணிப்பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கொட்டியது என் கை. நாற்பது ஐம்பது பொம்மை, ஒரு தண்ணீர் பாட்டில், பேப்பரில் சுற்றிய பாதி பன். அவன் அழவில்லை. குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பொம்மையாக எடுத்து, எரிகிறதா என்று அமுக்கிப் பார்த்துப் பார்த்துப் பையில் போட்டான். இரண்டு எரியவில்லை. அப்போதுதான் டீக்கடைக்காரர் வந்து, "ஏம்ப்பா, வெள்ளைச் சட்டைக்காரன் கறுப்புப் பையத் தூக்கிட்டுப் போனானே, உங்களோட வந்த வாத்தியாருன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

அந்தப் பையனிடம் நாங்கள் என்ன சொன்னோம் என்று கேட்பீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. நூறு ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று சார் அவசரப்படுத்தினார், போய்விட்டோம். விடியற்காலை பஸ் கிளம்பிவிட்டது.

சரி, இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். காமிராவைப் பாதுகாப்பது என்றால் நாம் பூட்டு, சங்கிலி, விலை அதிகமான பை என்றுதான் பேசுகிறோம். வார் அறுபடாமல் இருக்க உள்ளே இரும்புக் கம்பி வைத்த பட்டை கூட விற்கிறது. வாங்குங்கள், நல்லதுதான். ஆனால் எங்கள் பையை யாரும் பிளேடு போட்டு அறுக்கவில்லை, பூட்டை உடைக்கவில்லை. நாற்பத்திரண்டு பேர் நடுவில் இருந்து எடுத்துக்கொண்டு நடந்து போனான். அவன் திறமை பாதி என்றால், 'யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்' என்ற நம்ம நினைப்பு மீதி. கூட்டமாகப் போனால் பாதுகாப்பு என்பது பொய். தனியாகப் போகிறவன் பையை மடியில் வைத்திருப்பான். கூட்டமாகப் போகிறவன்தான் குவியலில் வைப்பான்.

ஆகவே டூர் கிளம்பும்போதே 'காமிரா பொறுப்பு' என்று பெயர் எழுதி வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருத்தன். மாற்றும்போது கையில் கொடுத்து, "பை உன்கிட்ட" என்று வாயால் சொல்ல வேண்டும், அவன் "என்கிட்ட" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறதா? லைனில் வேலை செய்கிறவர்கள் சப்ளையை நிறுத்தியாயிற்று என்று ஒருத்தருக்கொருத்தர் வாயால் சொல்லி உறுதி செய்துகொண்டுதான் கம்பத்தில் ஏறுகிறார்கள். 'ம்' என்ற சத்தத்தை நம்பி யாரும் ஏறுவதில்லை.

பொறுப்பில் இருப்பவன் முக்கியமாக விழித்திருக்க வேண்டியது அரண்மனைக்குள்ளே இல்லை, மலை மேலே இல்லை. படம் எடுக்கும்போது காமிரா கையில்தான் இருக்கும், எவனும் வரமாட்டான். சாமான் ஏற்றும் நேரம், டீ குடிக்கிற பத்து நிமிஷம், பாத்ரூம் வாசல், டிக்கெட் கவுண்டர், யாராவது வந்து பேச்சுக் கொடுக்கும் நேரம், இவைதான் திருடனுடைய முகூர்த்தம். ஓட்டலில் உட்கார்ந்தால் வாருக்குள் ஒரு காலை விட்டுக்கொள்ளுங்கள். நெரிசலான பஸ்ஸில் பை முதுகில் இருந்தால் அது உங்களுடையது இல்லை, பின்னால் நிற்கிறவனுடையது, முன்பக்கம் மாட்டுங்கள். நடைபாதையில் நடக்கும்போது காமிரா சுவர்ப் பக்கம் தொங்கட்டும், ரோட்டுப் பக்கம் வேண்டாம். பைக்கில் வந்து இழுக்கிறவனுக்குத் தாலிச்செயினும் ஒன்றுதான், காமிரா வாரும் ஒன்றுதான். இழுத்தால் விட்டுவிடுங்கள். கழுத்தில் மாட்டி இழுபட்டு ரோட்டில் உரசிக்கொண்டு போகிற அளவுக்கு எந்த லென்ஸும் ஒசத்தி இல்லை. ரயிலில் கீழ் பெர்த்துக்கு அடியில் வளையம் இருக்கிறது, சங்கிலி போட்டுப் பூட்டலாம். ஆனால் காமிராவைத் தலைமாட்டில் வைத்து, வாரைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குவதே மேல். ரயிலில் ஏதாவது நடந்தால் 139.

பை விஷயம். கம்பெனி பெயர் போட்ட பை, ஊருக்கெல்லாம் 'உள்ளே முப்பத்தெட்டாயிரம் இருக்கு' என்று தண்டோரா போடுகிற பை. டிபன் பையில் வையுங்கள். லென்ஸை ஒரு பழைய டவலில் சுற்றி மஞ்சப் பையில் போடுங்கள். 2021-ல் அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் ஆரம்பித்தது, நாம் தான் கூச்சப்படுகிறோம். மாமா முப்பது வருஷமாக லைட்டு ஸ்டாண்டை அரிசிச் சாக்கில்தான் எடுத்துப் போகிறார், ஒன்றும் திருடு போனதில்லை. கெத்துக்குப் பை மாட்டியது மருமகன்தான்.

இன்னொன்று, நம்ம துறை பாஷையில் சொல்கிறேன். மாரியம்மன் கோயில் நோம்பிக்குக் கட்டுகிற சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அவிந்துவிடும். பேரலலில் கொடுத்திருந்தால் ஒன்று போனாலும் மற்றது எரியும். நாங்கள் காமிரா, இரண்டாவது கார்டு, சார்ஜர், வாரண்டி அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் சீரியலில் போட்டிருந்தோம். சட்டைப் பையில் இருந்த கார்டு ஒன்றுதான் தப்பியது. காமிரா போனால் கடன் வாங்கியாவது வேறு வாங்கலாம், அந்த நந்தி முன்னால் நாற்பத்திரண்டு பேரை மறுபடியும் நிறுத்த முடியாது. இப்போதே மூன்று பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆகையால் ராத்திரி ராத்திரி, ஒரு கார்டு ரீடரைச் செல்போனில் சொருகிப் படங்களைக் காப்பி எடுத்து விடுங்கள். சில நூறு ரூபாய் சாமான். பிலிம் காலத்தில் இந்த வசதி கிடையாது, ரோலோடு போனால் 36 படமும் போனதுதான் என்று மாமா சொல்வார். நமக்கு வசதி இருந்தும் செய்யவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வி, "சீரியல் நம்பர் என்ன?" நான் முழித்தேன். ராத்திரி பத்து மணிக்கு மாமாவுக்குப் போன் செய்தேன். அந்தப் போனை எப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள். அத்தை பரண் மேல் ஏறி, பழைய அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்து, அதில் ஒட்டியிருந்த நம்பரை ஒவ்வொன்றாகப் படித்தார். நியாயமாகப் பார்த்தால் காமிரா அடிப்பாகத்தில் இருக்கிற அந்த நம்பரை நான் கிளம்பும் முன்பே செல்போனில் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். பல மாடல்களில் எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் இந்த நம்பர் பதிவாகிறது என்பதையும் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் வாட்ஸப்பில் அனுப்பிய படத்தில் அது இருக்காது, கார்டிலிருந்து எடுத்த அசல் பைல் வேண்டும்.

'வேற ஸ்டேட்டுல போயி யாரு புகார் கொடுக்கறது, பாஷை வேற தெரியாது' என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற புதிய நடைமுறைச் சட்டத்தில் (பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 173) குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், ஊருக்கு வந்து இங்கேயே கூடக் கொடுக்கலாம். எப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும். மின்னஞ்சல் மாதிரி வழியில் அனுப்பினால் மூன்று நாளைக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

செல்போன் தொலைந்தால் ஒரு வழி இருக்கிறது. *#06# அழுத்தினால் வருகிற ஐ.எம்.இ.ஐ. நம்பரை வைத்து 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பதிவு செய்தால் போனை முடக்கிவிடலாம். 2023-ல் இருந்து நாடு முழுக்க உண்டு. காமிராவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதில் சிம் இல்லை. திருடியவன் அடுத்த நிமிஷமே படம் எடுக்கலாம், அடுத்த நாள் விற்கலாம். யாரிடம் விற்பான்? இங்கேதான் நண்பர்களே, நம்ம முகத்தையும் கொஞ்சம் கண்ணாடியில் பார்க்க வேண்டும். ஹாஸ்டலில் எத்தனை பேரிடம் 'பில் இல்லாத' லென்ஸ் இருக்கிறது? "பன்னண்டாயிரம் ரூபா லென்ஸ், மூவாயிரத்துக்கு முடிச்சேன் மச்சி" என்று பீற்றிக்கொண்டவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் போடவில்லை. அது எவனோ ஒரு மாமாவின் லென்ஸ். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் புதிய சட்டத்தில் (பாரதீய நியாய சன்ஹிதா, பிரிவு 317) மூன்று வருஷம் வரை சிறை உண்டு. திருடினவனுக்கும் அதே மூன்று வருஷம் வரைதான்! பில் கேளுங்கள், பெட்டி கேளுங்கள், நம்பர் இரண்டும் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விடுங்கள்.

நம்ம ஒர்க்‌ஷாப்பில் என்கிரேவர் இருக்கிறது, நம்பர் பஞ்ச் செட் இருக்கிறது. ஸ்டாண்டு, லென்ஸ் மூடி, பை பக்கிள் எல்லாவற்றிலும் நம்ம கல்லூரி எழுத்தைப் பொறித்துக் கொடுக்கச் சங்கம் ஏற்பாடு செய்யலாம். "காமிரா மேல கீறினா ரீசேல் வேல்யூ போயிடுமே" என்று ஒருத்தன் கேட்டான். திருடனுக்கும் போகும் அல்லவா?

"இதுக்கெல்லாம் எதுக்குடா காமிரா, செல்போனே போதுமே" என்பது இன்னொரு கட்சி. சார்களே இந்தக் கட்சிதான். இந்த மலரின் டூர் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் கேட்டார்கள். காமிரா கிடைக்கவில்லை. கிளாஸில் பிரித்தது 11,400 ரூபாய். கொடுத்தவர்களுக்கு நன்றி, கொடுக்காதவர்கள் மீது வருத்தம் இல்லை. தை மாச முகூர்த்தங்களுக்கு மாமா நாள் வாடகைக்கு காமிரா எடுத்து ஓட்டினார், ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீதிப் பணத்துக்காக ஞாயிற்றுக்கிழமைகளிலும் முகூர்த்த நாட்களிலும் நான் அவருக்கு லைட்டு பிடிக்கப் போகிறேன்.

மைசூருக்கு அடுத்த வருஷம் டூர் போகிற தம்பிகளிடம் ஒரு வேலை சொல்லியிருக்கிறேன். அரண்மனைக்கு வெளியே எல்.இ.டி. பொம்மை விற்கிற பையன் இருக்கிறானா பாருங்கள், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும். இருந்தால் எனக்குப் போன் போட்டு அவனிடம் கொடுங்கள். என்ன பேசுவேன் என்று இன்னும் யோசிக்கவில்லை.

போன வாரம் ஒரு வளைகாப்பு. வேனில் இருந்து இறங்கும்போது மாமா திரும்பிப் பார்க்காமலே கேட்டார், "மாப்ளே, பை யாருகிட்ட?"

"என்கிட்டதான் மாமா."